காகிதத்தில் பூத்த கடம்பமரம்

டில்லியில் குடியேறிய நம்மவர் குடும்பங்களில் பிருந்தாவனம் சென்று வராத குடும்பம் அரிது. ஊரிலிருந்து உறவினர் வந்தால் ஆக்ராவுக்கு ஒரு நாள், மதுராவுக்கு ஒரு நாள் என்று ஒதுக்குவது வழக்கமாகவே ஆகிவிட்டது. ஆண்டாள் திருப்பாவையில் பாடிய வடமதுரை அதுவேயன்றோ! பிருந்தாவனத்து ரங்கஜி கோயிலில் ஆண்டாளும் ரங்கமன்னாரும் எழுந்தருளியுள்ளனர். 1851-ல் கட்டி முடிக்கப்பெற்ற அக்கோயிலின் கோபுரத்தைக் கண்டதும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கே வந்துவிட்டதாக நம் பாட்டிமார் பூரித்துப் போவர். தரிசனம் முடிந்ததும் பேடா வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறோம். அதே ஊர்களில், கத்தரிக்கோலையும் காகிதத்தையும் மட்டுமே கொண்டு, சில குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் போற்றிவரும் கலையொன்று நம் கண்ணில் படுவதே இல்லை. 'சாஞ்ஜி' என்பது அதன் பெயர். ஸ்தூபிக்குப் பெயர்பெற்ற சாஞ்சிக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

சந்தியா என்னும் வடசொல் விரஜ மொழியில் 'சாஞ்ஜ்' எனத் திரிந்து மாலை நேரத்தைக் குறிக்கும். மாலையில் இராதை தன் தோழியருடன் பூப்பறிக்கச் சென்று, கண்ணனை மகிழ்விக்க அப்பூக்களால் சுவரில் கோலம் செய்தாள் என்பது விரஜ பூமியில் வழங்கும் கதை. இன்றும் அப்பகுதிக் கிராமங்களிலும் அரியானாவிலும் கன்னிப் பெண்கள் மண்சுவரில் பசுஞ்சாணத்தால் உருவம் செய்து பூக்களை ஒட்டி வழிபடுகின்றனர். மார்கழி விடியலில் வாசற்கோலத்தின் நடுவே சாண உருண்டையில் பூசணிப்பூ சூட்டி மகிழ்ந்த நமக்கு இவ்வழக்கம் அந்நியமாகத் தோன்றாது. நமது கோலம் விடியலுக்கு உரியது, அவர்களுடையது அந்திக்கு உரியது, அவ்வளவே வேற்றுமை.

சுவரில் இருந்த இக்கோலத்தை வைணவக் கோயில்கள் தமதாக்கிக்கொண்டபோதுதான் காகிதம் உள்ளே வந்தது. நாம் மகாளயபட்சம் என்று அனுசரிக்கும் அந்த நாட்களில், பிருந்தாவனத்து ராதாரமணர் கோயில் முதலிய இடங்களில் மண்ணால் எண்கோண மேடை ஒன்று அமைப்பர். அதன்மீது, உருவம் வெட்டிய காகிதத்தைப் பரப்பி, மெல்லிய துணியில் முடிந்த வண்ணப் பொடியை மேலே தட்டுவர். வெட்டிய இடைவெளிகளின் வழியே பொடி இறங்கிப் படிந்து உருவம் தோன்றும். ஒரு வண்ணத்துக்கு ஒரு காகிதம். ஆகவே ஒரு மயிலை முடிக்க நான்கைந்து காகிதங்கள் வேண்டியிருக்கும். ஒவ்வொன்றையும் முன்னதன் மேல் மயிரிழை பிசகாமல் வைத்து, பொடி சிந்தாமல் தூக்குதல் வேண்டும். மூச்சு சற்றே வேகமாக வந்தாலும் வேலை கெட்டுவிடும். காலையில் தொடங்கினால் மாலை வரை நீளும் பணி இது. அந்தியில் திரை விலக்கி, பதம் பாடி, ஆரத்தி எடுப்பர். மறுநாள் முழுவதையும் கலைத்து, பொடியை யமுனையில் சேர்த்துவிடுவர். பிறகு புதிதாக வேறொன்று தொடங்கும். அசைவற்ற நீரின் மேற்பரப்பில் பொடி தூவிச் செய்யும் சாஞ்ஜியும் உண்டு. நீருக்கு அடியில் உருவம் தெரியுமாறு செய்வதும் உண்டு. அவற்றைச் செய்ய வல்லார் மிகச் சிலரே.

இனி, காகிதத்தை வெட்டும் முறையைப் பார்ப்போம். இக்கலையின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது. கலைஞர் முதலில் உருவத்தைக் கோடாக வரைந்துகொள்கிறார். பின்னர், தம் விரலுக்கும் பழக்கத்துக்கும் ஏற்பச் செய்துகொண்ட கூர்முனைக் கத்தரிக்கோலால் வெட்டுகிறார். உள்ளே இருப்பவற்றை முதலில் வெட்டி ஓரத்துக்கு வருவதே முறை. ஓரத்தை முதலில் தளர்த்திவிட்டால் காகிதம் கையில் நிற்காது. இதில் ஒரு கட்டாய விதி இருக்கிறது: எத்தனை துளைகள் இட்டாலும் காகிதம் முழுவதும் ஒரே தாளாக இணைந்து நிற்றல் வேண்டும். எந்தத் துண்டும் தனித்து நின்றால் கீழே விழுந்துவிடும். ஆகவே வானில் தனியே பறக்கும் பறவையை அப்படியே வெட்ட இயலாது. அதன் இறகு ஓர் இலையைத் தொட வேண்டும், அல்லது கால் கிளையைப் பற்ற வேண்டும். கடம்பமரத்தின் இலை கொம்பில், கொம்பு அடிமரத்தில், அடிமரம் யமுனைக் கரையில், கரை அலையில், அலை தாமரைத் தண்டில் என ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே செல்லும். பசுவின் கொம்பு கொடியைத் தொடும். குரங்கின் வால் கிளையில் சுற்றும். ஓவியன் தூரிகையால் எளிதில் தப்பித்துச் செல்லும் இடங்களில் கத்தரிக்கோற்காரர் இயற்கையின் பிணைப்பைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியவராகிறார். சாஞ்ஜியில் காடு இத்தனை அடர்த்தியாக இருப்பதற்கு இந்தக் கட்டாயமும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு நூல் கனமே உள்ள இணைப்புகள் அறுந்து போகாமல் நிற்பதற்குக் கைவண்மை மட்டும் போதாது. காகிதமும் நல்லதாக இருக்க வேண்டும். ஆலைக் காகிதம் வேகமாக ஓடும் கம்பி வலையில் உருவாவதால் அதன் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படிகின்றன. அத்திசைவாக்கில் கிழித்தால் எளிதில் கிழியும். கைக்காகிதத்தின் செய்தி வேறு. பருத்திக் கந்தலைத் துண்டு துண்டாக நறுக்கி, அரைத்துக் கூழாக்கி, தொட்டி நீரில் கலக்கிவிடுவர். தொழிலாளி வலைச்சட்டத்தை அதில் அமிழ்த்தி எடுத்து, இப்புறமும் அப்புறமும் மெல்ல அசைப்பார். அந்த அசைவில் இழைகள் நாற்றிசையும் பின்னிக்கொள்கின்றன. பிறகு துணியின்மேல் கவிழ்த்து, அழுத்தி நீரைப் பிழிந்து, கொடியில் உலர்த்துவர். பருத்தி இழை மரக்கூழ் இழையைவிட நீளமானது. ஆதலால் தாளுக்கு வலுவும் மிகுதி. கூழிலேயே பூவிதழ்களையும் புல்லையும் தூவிச் செய்யும் தாள்களும் உண்டு. அவை கண்ணுக்கு அழகு, வாழ்த்துமடலுக்கு ஏற்றவை. ஆனால் நுண்ணிய சாஞ்ஜிக்கு உதவா; இதழ் இருக்கும் இடத்தில் கத்தரி தடுக்கும்.

ஜெய்ப்பூரை அடுத்த சாங்கானேர் இக்காகிதத்துக்குப் புகழ்பெற்ற ஊர். அங்கே இத்தொழிலைப் பரம்பரையாகச் செய்துவரும் முஸ்லிம் குடும்பத்தாருக்குக் 'காகஜி' என்றே பெயர். கண்ணன் கோயில் கலைக்கு அவர்கள் கைப்பட்ட தாள் பயன்படுவது இந்நாட்டில் வியப்புக்குரியதன்று. பனியன் தைத்து எஞ்சும் துணி வெட்டுகளே இன்று அங்கு முக்கியமான மூலப்பொருள். அவ்வூரிலுள்ள தேசியக் கைக்காகித நிலையத்தின் பெயரைக் கேட்டால் நம்மவர்க்குப் பெருமிதம் உண்டாகும்: அது குமரப்பாவின் பெயரைத் தாங்கியது. 1892-ல் தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா, 1934-ல் காந்தியடிகள் வார்தாவில் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் பொறுப்பை ஏற்றுப் பல்லாண்டு நடத்தினார். செக்கு எண்ணெய், கைக்குத்தல் அரிசி ஆகியவற்றோடு கைக்காகிதத்துக்கும் அச்சங்கம் புத்துயிர் அளித்தது. ஆலைத் தாளின் போட்டியில் நசிந்துகொண்டிருந்த அத்தொழில் அன்று கைதூக்கி விடப்படாதிருந்தால் இன்று கலைஞர்களுக்கு நல்ல தாள் கிடைப்பது அரிதாகியிருக்கும். குமரப்பா 1960-ல் மதுரையில் காலமானார். தென்மதுரையில் மறைந்த ஒருவரின் உழைப்பு வடமதுரைக் கத்தரிக்கோலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

சாஞ்ஜி இன்று வேறொரு நிலையை அடைந்திருக்கிறது. முன்பு காகிதம் கருவி மாத்திரமே. பொடிக்கோலம் தோன்றியதும் அதை மடித்து எடுத்துவைத்து விடுவர். அதைப் பார்த்து வியப்பார் எவரும் இலர். கோயில்களில் பொடிச் சாஞ்ஜி குறையக் குறைய, வெட்டிய தாளையே வண்ணத் தாளின்மேல் பதித்துக் கண்ணாடிச் சட்டமிட்டு விற்கத் தொடங்கினர். விளக்குக் கூண்டு, புத்தக அடையாளத் தாள், பெட்டிமூடி எனப் பல வடிவங்கள் வந்தன. 2010-ல் டில்லியில் நடந்த காமன்வெல்த் விளையாட்டு விழாவில் ஆட்டங்களைக் குறிக்கும் சின்னங்கள் சாஞ்ஜியைத் தழுவியே அமைக்கப்பெற்றன. கோயிலைவிட்டு வெளியே வந்த கலை சிறப்பிழந்தது எனச் சிலர் குறைகூறுவர். நான் அக்கட்சி அல்லேன். பதினைந்து நாள் விழா பதினைந்து நாளைக்கே சோறிடும். எஞ்சிய நாட்களில் சட்டமிட்ட தாள்தான் அடுப்பை எரிய வைக்கிறது. ஆயினும் இழப்பு ஒன்று உண்டு, அதை மறைப்பதற்கில்லை. நான்கைந்து தாள்களைச் சேர்த்து ஓர் உருவத்தைச் சிந்திக்கும் திறமை, ஒற்றைத் தாளை வெட்டி விற்போரிடம் வளர வழியில்லை. பிள்ளைகள் வெட்டக் கற்கின்றனர். பொடி தூவக் கற்கும் பிள்ளைகள் குறைவு.

அதைவிடப் பெரிய ஆபத்து லேசர் இயந்திரம். ஒரு கலைஞர் பல நாள் அமர்ந்து வெட்டும் உருவத்தை அது சில நிமிடங்களில் நூறு பிரதி எடுத்துத் தள்ளிவிடும். கடையில் இரண்டும் சாஞ்ஜி என்ற பெயரிலேயே விற்கும்போது, விலை குறைந்ததையே நாம் எடுத்துக்கொள்வோம். வாங்குமுன் தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இயந்திரம் வெட்டிய விளிம்பில் கருகிய பழுப்பு நிறம் மெல்லியதாகத் தெரியக்கூடும். ஒரே மரத்து இலைகள் அச்சில் வார்த்தாற்போல் இருப்பின் ஐயுறலாம். கையால் வெட்டியதில் ஓர் இலை சற்றே தடித்திருக்கும், மற்றொன்று சாய்ந்திருக்கும். கத்தரி திரும்பிய மூலையில் சிறு பிசிறு தெரியும்.

1994-ல் தொடங்கிய டில்லி ஹாட்டில் கைவினைஞர் முறைவைத்துக் கடை போடுகின்றனர். மதுராக் கலைஞர் வரும் முறையில் சென்றால், அவர் வெட்டுவதையும் அருகிலிருந்து காணலாம். குழந்தைகளை உடன் அழைத்துச் செல்லுங்கள். பொடிச் சாஞ்ஜியைக் காண விரும்புவோர் மகாளயபட்ச நாட்களில், முக்கியமாக அமாவாசைக்கு முந்திய சில நாட்களில், பிருந்தாவனத்தில் மாலைவரை தங்க வேண்டும். பகலில் சென்று பகலிலேயே திரும்பினால் மூடிய திரைதான் தெரியும்.