தோட்டத்துச் சவாரித் தம்பர் எங்கே?

யாழ்ப்பாணத்துக்கு ஒரு சவாரித் தம்பர் இருந்தார். கரவெட்டி சிவஞானசுந்தரம் கட்டடக் கலை படிக்கப் பம்பாய் போய், கேலிச்சித்திரக்காரராகத் திரும்பி வந்தவர். 'சுந்தர்' என்ற பெயரில் தினகரன் பத்திரிகையில் சவாரித் தம்பர் என்ற பாத்திரத்தைக் கீறினார். 1963இல் 'சிரித்திரன்' இதழைத் தொடங்கினார். யாழ்ப்பாணத்துச் சனம் தன்னைத் தானே பார்த்துச் சிரித்தது. தேயிலைத் தோட்டங்கள் உள்ள மலையகத்துக்கு, அட்டனுக்கும் நுவரெலியாவுக்கும், அப்படி வீட்டுக்கு வீடு பேர் சொல்லும் ஒரு பாத்திரம் இன்னும் வாய்க்கவில்லை.

படம் கீறினால் சோறு கிடைக்குமா என்று லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுப் பெற்றோர் கேட்கிறார்கள். கேலிச்சித்திரக்காரர் ஆர்.கே. லக்ஷ்மணின் வாழ்க்கையே அதற்குப் பதில். 1921இல் மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். திறமை போதாது என்று பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளி அவருக்கு இடம் மறுத்தது. அவர் மைசூரிலேயே கல்லூரியில் சேர்ந்து, அண்ணன் ஆர்.கே. நாராயணின் கதைகளுக்கு 'இந்து'வில் படம் போட்டார். விடுமுறையில் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் நாரதர் பற்றிய கார்ட்டூன் படத்துக்கு வரைந்தார். பிறகு 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வில் ஐம்பது ஆண்டுக்கு மேல் வேலை. கட்டம் போட்ட கோட்டும் வேட்டியுமாக அவர் வரைந்த சாமானியன் கடைசிவரை வாய் திறக்கவே இல்லை.

பத்திரிகைப் பேனாவும் அசையும் படமும் அன்றே கைகோத்தவை. அமெரிக்கப் பத்திரிகை ஓவியர் வின்சர் மெக்கே 1914இல் கெர்டி என்ற டைனோசரை நடக்க வைத்தார். ஜெமினி 1947இல் எடுத்த 'சினிமா கதம்பம்' என்ற கார்ட்டூன் படத்தை வரைந்ததும் தாணு என்ற பத்திரிகை ஓவியர்தான்.

உழைப்பு கடுமையானது. திரையில் ஒரு நொடிக்கு 24 பிரேம். ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினாலும் நொடிக்கு 12 படம், நிமிடத்துக்கு 720. ஒரு பெண் கொழுந்தைக் கிள்ளித் தோளுக்குப் பின்னால் போடுவதை ஒரு நிமிடம் காட்ட இவ்வளவும் கீற வேண்டும். ஆனால் இன்று கணினி இருந்தால் போதும். பிளெண்டர் போன்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

என் கவலை கருவியைப் பற்றியதல்ல. மலையகம் என்றதும் வெளியார் வரைவது ஒரே படம்: குனிந்த முதுகு, பிரம்புக் கூடை, சிரித்த முகம். எத்தனையோ தோட்டங்களில் கூடை போய் நைலோன் சாக்கு வந்துவிட்டது. படத்தில் மட்டும் கூடை இறங்கவில்லை. தேயிலைப் பெட்டியிலும் சுற்றுலா விளம்பரத்திலும் அதே கூடை. நம் பக்கம் பேசும் பத்திரிகையின் மே தினக் கருத்தோவியத்திலும் அதே கூடை.

உள்ளே இருப்பவனுக்கு வேறு கண். நிறுவையில் தண்ணீருக்கென்றும் சாக்குக்கென்றும் கிலோ கழிவது அவனுக்குத் தெரியும். கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுவதும், குளவி கொட்டினால் ஓட இடமில்லாத மலைச்சரிவும் தெரியும். தேர்தல் வந்ததும் லயத்து வாசலில் முளைக்கும் வேட்டிகளையும் தெரியும். ஒரு சதுரத்துக்குள் அடங்கக்கூடிய சங்கதிகள் இவை. எழுத்துத் தெரியாத சனத்திடம் அன்று தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சி அம்மாளும் பாட்டோடு போனார்கள். படமும் அப்படிப் போய்ச் சேரும்.

அச்சுப் பத்திரிகையே சுருங்கும் காலத்தில் இது ஆகாத பேச்சு என்பார்கள். தாள் சுருங்கட்டும், படம் இப்போது கைப்பேசியில் ஓடுகிறது.

தோட்டப் பாடசாலைகளில் சித்திர பாடத்தை நேரம் போக்கும் பாடமாக வைத்திருப்பதை நிறுத்த வேண்டும். கொழும்புத் தமிழ் வார இதழ்கள் ஒரு காற்பக்கத்தை மலையகக் கைக்கு ஒதுக்க வேண்டும், அதுவும் காசு கொடுத்து. இலவசமாக வாங்கினால் பிள்ளை இரண்டு மாதத்தில் கொழும்புக் கடை வேலைக்குப் போய்விடும். இருநூறு ஆண்டு இந்த மண்ணில் உழைத்தவர்களின் முகத்தை இனியாவது அவர்களே வரையட்டும்.