அந்த ரிப்போர்ட்டைக் கிழிக்க வேண்டாம்!



ஓர் உம்மா கையில் ரிப்போர்ட்டுடன் என்னைத் தேடி வந்தார். தீராத இருமலுக்காக மகளுக்கு நெஞ்சு ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். இருமல் குணமாகிவிட்டது. ஆனால், ரிப்போர்ட்டில் ‘இடப்பக்கம் பிறவியிலேயே மேலதிகமாக ஒரு மேற்பெருநாளம் உண்டு’ என்று எழுதப்பட்டிருந்தது.

“மௌலவி, கலியாணப் பேச்சு நடக்குது. இதக் கிழிச்சிப் போடவா?” என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். அதற்கான காரணத்தை நீங்களும் அறிந்திருப்பது நல்லது.

தலையிலும் கைகளிலும் இருந்து இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது மேற்பெருநாளம். நம்மில் அநேகருக்கு அது வலப்பக்கம் ஒன்றுதான். ஆனால், கருவில் ஆரம்பத்தில் எல்லோருக்கும் இரு பக்கமும் நாளம் உண்டு. சிசு வளர வளர இடப்பக்கத்து நாளம் சுருங்கி நார்போல ஆகிவிடுகிறது. ஏறக்குறைய 1000 பேரில் 3 முதல் 5 பேருக்கு மட்டும் அது மூடாமல் நின்றுவிடுகிறது.

பெரும்பாலும் அந்த நாளமும் இதயத்தின் வலது மேலறைக்கே இரத்தத்தைக் கொண்டுசேர்க்கிறது. வழி வேறு, சேருமிடம் ஒன்று. ஆகவே வலியோ மூச்சுத் திணறலோ இராது. வேறெதற்கோ படம் எடுக்கும்வரை பலருக்கு அது தெரியவே வராது. மருந்தும் தேவையில்லை.

எனினும் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். சிலருக்கு இதனுடன் இதயத்தில் வேறு பிறவிக் குறைகளும் இருக்கலாம். அரிதாக, இந்த நாளம் இடது மேலறையில் போய்த் திறப்பதும் உண்டு. ஆகவே இதய வைத்தியரிடம் காட்டி, ‘எக்கோ’ பரிசோதனை தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது, பிற்காலத்தில் கழுத்து நாளத்தினூடாகக் குழாய் செலுத்தவோ, பேஸ்மேக்கர் பொருத்தவோ, இதய சத்திரசிகிச்சை செய்யவோ நேரலாம். அப்போது வைத்தியர் இதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் குழாய் எதிர்பாராத பாதையில் இறங்கி அவரைத் தடுமாற வைக்கும். ரிப்போர்ட்டைக் கிழித்தால் நாளம் மறையாது. அதைப் பற்றிய தகவல்தான் மறையும்.

“மாப்பிள்ளை வீட்டாருக்கும் சொல்லணுமா?” என்று உம்மா தயங்கினார்.

“முதலில் பரிசோதனையை முடியுங்கள். பிறகு டொக்டர் சொன்னதை அப்படியே சொல்லுங்கள். நாளம் சின்ன விடயம். மறைத்தது பின்னர் தெரியவந்தால் அதுதான் பெரிய விடயமாகிவிடும்” என்றேன்.

மகளின் எக்கோவில் வேறு குறை எதுவும் இல்லை. உம்மா உள்ளதைச் சொன்னார். பேச்சும் நிற்கவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படியொரு ரிப்போர்ட் இருந்தால், பிறப்புச் சான்றிதழோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். பிள்ளைக்கும் விளங்கும்படி சொல்லி வையுங்கள். நாளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் அதைச் சொல்ல வேண்டியவள் அவள்தானே!