மருத்துவர் இல்லாத ஊரில் தூக்கத்திற்குச் சிகிச்சை

உறங்குவதற்கு நேரமும் இடமும் இருந்தும், வாரத்தில் மூன்று இரவுகளுக்குக் குறையாமல் மூன்று மாதங்களாக உறக்கம் பிடிக்காமலோ நடுவில் கலைந்தோ போய், அதனால் பகல்நேர வேலையும் மனநிலையும் கெடுமானால், அந்நிலையை மருத்துவம் நாள்பட்ட தூக்கமின்மை என்று வரையறுக்கிறது. இதற்கு முதலில் அளிக்க வேண்டியது மாத்திரை அன்று, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையே என்று அமெரிக்காவின் உள்மருத்துவ வல்லுநர்களது அமைப்பான அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. ஆனால் அதே ஆண்டில் வெளியான ஒரு கணக்கெடுப்பில், இத்துறையில் தேர்ந்தவர்களாக உலகம் முழுவதிலும் 752 பேரை மட்டுமே அடையாளம் காண முடிந்தது. அவர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு அமெரிக்காவில் இருந்தனர். அங்கும் பாதிக்கு மேற்பட்டோர் பன்னிரண்டு மாநிலங்களுக்குள் அடங்கிவிட்டனர். பெருநகரங்களுக்கே போதாத இந்த எண்ணிக்கையில் கிராமங்களுக்குக் கிடைக்கும் பங்கு என்ன என்பதை விளக்கத் தேவையில்லை. முறையான சிகிச்சை எட்டாத தொலைவில் இருக்கும்போது தூக்க மாத்திரையே முதல் மருந்தாகிவிடுகிறது. அம்மாத்திரைகளுள் பரவலாக வழங்கப்படும் சோல்பிடெம் உள்ளிட்ட மூன்றுக்கு, உறக்கத்திலேயே எழுந்து நடத்தல், வாகனம் ஓட்டுதல் போன்ற ஆபத்துகளைக் குறித்து, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019இல் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை அச்சிடச் செய்தது.

இந்தப் பற்றாக்குறைக்கு இணையம் ஒரு வழி. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இணையத்தின் வழியே செல்லத்தக்கதாக இருப்பதற்கு அதன் உள்ளமைப்பே காரணம். இதில் ஊசியோ அறுவையோ இல்லை. நோயாளி தானே கற்றுத் தானே கடைப்பிடிக்க வேண்டிய சில ஒழுங்குகளே உள்ளன. உறக்கம் வராதபோது படுக்கையில் புரளாமல் எழுந்து சென்று, கண் அயரும்போது மட்டும் திரும்ப வேண்டும் என்பது ரிச்சர்ட் பூட்சின் 1972இல் முன்வைத்த தூண்டல் கட்டுப்பாடு. படுக்கைக்கும் விழிப்புக்கும் இடையே வேரூன்றிவிட்ட தொடர்பை அறுப்பதே அதன் நோக்கம். ஆர்தர் ஸ்பீல்மேனும் உடன் ஆய்வாளர்களும் 1987இல் விவரித்த தூக்க நேரக் குறைப்பு இன்னும் வியப்பானது. எட்டு மணி நேரம் படுத்திருந்து ஐந்தரை மணி நேரமே உறங்குபவரின் உறக்கத் திறன், அதாவது படுத்திருந்த நேரத்தில் உறங்கிய நேரத்தின் பங்கு, ஏறத்தாழ 69 விழுக்காடு. காலை ஆறு மணிக்கு எழ வேண்டிய அவர், இரவு பன்னிரண்டரை மணிக்கு முன் படுக்கவே கூடாது என்று விதிக்கப்படுகிறது. விழித்திருக்கும் நேரம் நீள நீள மூளையில் அடினோசின் போன்ற வேதிப்பொருள்கள் சேர்ந்து உறக்க அழுத்தம் கூடுவதால், துண்டு துண்டாக இருந்த உறக்கம் ஒன்றுதிரண்டு ஆழமாகிறது; திறன் 85 விழுக்காட்டைக் கடந்து நிலைத்தபின் படுக்கை நேரம் பதினைந்து நிமிடம் வீதம் நீட்டப்படுகிறது. உறக்கம் குறைந்தவரை மேலும் விழித்திருக்கச் சொல்லும் இம்முறை முரணாகத் தோன்றினாலும், சிகிச்சையின் வலிமையில் இதற்கு முக்கியப் பங்கு உண்டு.

நாள்தோறும் நோயாளி எழுதும் உறக்க நாட்குறிப்பிலிருந்து அடுத்த வாரத்துக்கான படுக்கை நேரத்தைக் கணக்கிடுவது ஒரு கணினியால் இயலும் வேலையே. வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் லீ ரிட்டர்பேண்ட், பிரான்சிஸ் தார்ண்டைக் ஆகியோர் உருவாக்கிய 'ஷட்-ஐ' என்னும் இணையத் திட்டம் இதனையே ஆறு பாடங்களில் செய்தது. 303 பேரைக் கொண்டு நடந்து 2017இல் வெளியான அதன் சோதனையில், இத்திட்டத்தைப் பயன்படுத்தியவர்களுள் ஏறத்தாழ 57 விழுக்காட்டினர் ஓராண்டுக்குப் பின்னும் தூக்கமின்மையின் அளவுகோலுக்கு வெளியே இருந்தனர். மக்கள்தொகையில் பாதிக்கு மேல் வின்னிபெக் நகரிலும் அதைச் சூழ்ந்தும் வாழும் கனடாவின் மனிடோபா மாகாணத்தில், இணையப் பாடத்தையும், காணொளி வழியே மருத்துவர் நடத்தும் குழுச் சிகிச்சையையும் ஒப்பிட்ட ஆய்வொன்றில் இரண்டுமே உறக்கத்தை மேம்படுத்தின.

ஆனால் தொலைவு நீங்கியதாலேயே தடையெல்லாம் நீங்கிவிடவில்லை. நேரக் குறைப்பின் முதல் இரண்டு வாரங்களில் பகல் சோர்வு கூடும். அச்சமயத்தில் இது சரியான பாதைதான் என்று சொல்ல எவரும் இல்லையெனில் பலர் பாதியில் விட்டுவிடுகின்றனர். வாரம் ஒருமுறை ஒரு சிறு தொலைபேசி அழைப்போ மின்னஞ்சலோ இருந்தால்கூட இணையச் சிகிச்சையின் பயன் கூடுகிறது; அதற்கு உளவியல் மருத்துவரே வேண்டும் என்பதில்லை, பயிற்சி பெற்ற ஊர்ச் செவிலியர் போதும். இருமுனை மனநோய், வலிப்பு நோய், உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய் ஆகியவை உள்ளவர்களுக்கும், டிராக்டரோ லாரியோ ஓட்டிப் பிழைப்பவர்களுக்கும் உறக்கத்தை மேலும் குறைப்பது ஆபத்தாக முடியலாம் என்பதால், தொடங்கும் முன் அவர்களைப் பிரித்தறிவதும் அச்செவிலியரின் பணியாகவே இருக்க முடியும். இணைய வேகமே இல்லாத ஊர்களைப் பொறுத்தவரை அலைக்கற்றையும் மருத்துவ வசதியின் பகுதியாகிவிட்டது.

எஞ்சுவது செலவை யார் ஏற்பது என்னும் வினா. ஷட்-ஐயிலிருந்து உருவான 'சோம்ரிஸ்ட்' என்னும் செயலி, மருத்துவர் சீட்டுடன் வழங்கப்படும் சிகிச்சையாக 2020இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றபோதும், காப்பீட்டு நிறுவனங்கள் போதிய அளவில் பணம் தர முன்வராத நிலையில் அதனை விற்ற நிறுவனம் 2023இல் திவாலானது. இங்கிலாந்திலோ, 'ஸ்லீப்பியோ' என்னும் இதே வகைத் திட்டம் பொது மருத்துவர்களிடம் ஆகும் செலவையும் மாத்திரைச் செலவையும் குறைக்கிறது என்று கணக்கிட்டு, அந்நாட்டின் மருத்துவ மதிப்பீட்டு அமைப்பான நைஸ் 2022இல் அதனைப் பரிந்துரைத்தது. அமெரிக்காவிலும் அரசே செலவை ஏற்ற எடுத்துக்காட்டு உண்டு. அங்கு முன்னாள் படைவீரர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் கிராமப்புறத்தில் வாழ்கிறார். அவர்களுக்கான அரசுத் துறை உருவாக்கிய இணைய உறக்கப் பாடமோ படைவீரர்களுக்கென்று மட்டும் பூட்டி வைக்கப்படாமல், எவரும் கட்டணமின்றிப் பயிலும்படி வெளியிடப்பட்டது.