‘ஜூஸ் மாதிரிதானே?’ - ரெடிமேட் காக்டெய்ல் பாட்டிலில் ஆல்கஹால் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு?

மரக்காணத்திலிருந்து இசிஆரில் புதுச்சேரி நோக்கிப் போகும்போது உப்பளங்களையும் மீனவக் குப்பங்களையும் கடந்து கூனிமேடு வருகிறது. அங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரம் போனால் கனகசெட்டிகுளம். தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி தொடங்கும் இடம் அது. எல்லையைத் தாண்டியதுமே மதுக்கடை போர்டுகள் கண்ணில் படத் தொடங்கிவிடும்.

அந்தக் கடைகளின் ஃப்ரிட்ஜில் பீர் பாட்டில்களுக்குப் பக்கத்தில் இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, பச்சை நிறங்களில் சின்னச் சின்ன பாட்டில்களும் இருக்கும். லேபிளில் எலுமிச்சை, பிளாக்பெர்ரி, ஆரஞ்சு படம். திறந்தால் அப்படியே குடிக்கலாம், சோடாவோ தண்ணீரோ கலக்க வேண்டியதில்லை. ‘ரெடி டு டிரிங்க்’ எனப்படும் ரெடிமேட் காக்டெய்ல் வகை இது. “சரக்கெல்லாம் இல்லப்பா, ஜூஸ் மாதிரிதான்” என்ற பேச்சோடுதான் பலருக்கும் இது அறிமுகமாகிறது.

உண்மையிலேயே ஜூஸ் மாதிரிதானா? பாட்டிலில் அச்சிட்டிருக்கும் ஓரிரு எண்களை வைத்தே கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

ஒரு பாட்டிலில் ஆல்கஹால் எவ்வளவு?

இந்தியாவில் பரவலாகக் கிடைக்கும் பிரீசர் போன்ற பாட்டிலின் அளவு 275 மி.லி. அதில் ஆல்கஹால் 4.8 சதவீதம். லேபிளில் இது ‘வி/வி’ என்ற குறிப்போடு இருக்கும். 100 மி.லி. பானத்தில் 4.8 மி.லி. சுத்தமான ஆல்கஹால் இருக்கிறது என்பது அதன் பொருள்.

அப்படியானால் 275 மி.லி. பாட்டிலில் 13.2 மி.லி. ஆல்கஹால் இருக்கும். ஆல்கஹால் தண்ணீரைவிட எடை குறைந்தது, ஒரு மி.லி.யின் எடை 0.789 கிராம். பெருக்கினால் ஏறக்குறைய 10.4 கிராம் வருகிறது.

இப்போது ஒரு பிராந்தி பாட்டிலை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் தயாராகும் பிராந்தி, விஸ்கி, ரம் பெரும்பாலும் 42.8 சதவீத ஆல்கஹால் கொண்டவை. அதில் 30 மி.லி., அதாவது ஒரு ஸ்மால் பெக் ஊற்றினால் சுமார் 10.1 கிராம் ஆல்கஹால்.

ஆக, ‘ஜூஸ் மாதிரி’ பாட்டில் ஒன்று, ஒரு ஸ்மால் பிராந்திக்குச் சமம். இரண்டு பாட்டில் குடித்தவர் ஒரு லார்ஜ் அடித்தவர்தான். ஏறக்குறைய ஆறு பாட்டில் சேர்ந்தால் ஒரு குவார்ட்டர் கணக்கு வந்துவிடும்.

பிராந்தியை விழுங்கும்போது தொண்டை எரியும். அந்த எரிச்சலே ‘போதும்’ என்று சொல்லும் ஒரு எச்சரிக்கை. இனிப்பும் புளிப்பும் ஐஸ் போன்ற குளிர்ச்சியும் சேர்ந்து ரெடிமேட் காக்டெய்லில் அந்த எச்சரிக்கையை மறைத்துவிடுகின்றன. தாகத்துக்குக் குடிப்பதுபோல ஒரு பாட்டிலை ஐந்தே நிமிடத்தில் முடித்துவிட முடியும். ஆனால் 10 கிராம் ஆல்கஹாலைச் சிதைக்கக் கல்லீரலுக்குச் சுமார் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தேவைப்படும்.

எல்லா பாட்டிலும் 4.8 சதவீதம் என்றும் நினைத்துவிடக் கூடாது. அதே 275 மி.லி. பானம் 8 சதவீதமாக இருந்தால் ஆல்கஹால் 17 கிராமைத் தாண்டிவிடும். பாட்டில் ஒரே சைஸில் இருப்பதால் போதையும் ஒரே அளவில் இருக்கும் என்று சொல்ல முடியாது. முதலில் பார்க்க வேண்டியது சதவீதத்தைத்தான்.

கலோரி எங்கிருந்து வருகிறது?

ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கிலோகலோரி ஆற்றல் இருக்கிறது. ஒரு கிராம் சர்க்கரையில் 4, கொழுப்பில் 9. அதாவது ஆல்கஹாலின் ஆற்றல் சர்க்கரையைவிட அதிகம், கொழுப்பைவிடக் கொஞ்சம்தான் குறைவு. புரதம், வைட்டமின் போல உடலுக்குப் பயன்படும் சத்து எதுவும் அதனுடன் வருவதில்லை.

நமது 275 மி.லி. பாட்டிலில் ஆல்கஹாலிலிருந்து மட்டும் சுமார் 73 கிலோகலோரி கிடைக்கிறது. மீதி கலோரி பெரும்பாலும் சர்க்கரையிலிருந்து வருவது. ஸ்மால் பிராந்திக்கும் இதற்கும் உள்ள முக்கியமான வித்தியாசம் அதுதான். தண்ணீர் கலந்த பிராந்தியில் சர்க்கரை அநேகமாக இல்லை. இனிப்பான ரெடிமேட் காக்டெய்லில் உண்டு.

எவ்வளவு சர்க்கரை என்பது பிராண்டுக்குப் பிராண்ட் மாறும். ஒரு பேச்சுக்கு, சாதாரண கோலா பானத்தில் இருப்பதுபோல 100 மி.லி.க்கு 10 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 275 மி.லி.யில் 27.5 கிராம் சர்க்கரை, அதாவது ஏறக்குறைய 7 டீஸ்பூன். அதிலிருந்து 110 கிலோகலோரி. ஆல்கஹாலின் 73-ஐயும் கூட்டினால் பாட்டிலுக்கு 183.

நண்பர்களோடு உட்கார்ந்து மூன்று பாட்டில் காலி செய்தால் சுமார் 550 கிலோகலோரி, 80 கிராமுக்கு மேல் சர்க்கரை. சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளின் மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015-ம் ஆண்டு வழிகாட்டுதல். 2,000 கிலோகலோரி சாப்பிடும் ஒருவருக்கு அது 50 கிராம். பாதியாக, 25 கிராமாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்கிறது அந்த நிறுவனம். நாம் வைத்துக்கொண்ட கணக்குப்படி, ஒரே பாட்டிலில் அந்த 25 கிராம் தாண்டிவிடுகிறது.

லேபிளில் சர்க்கரை ஏன் இல்லை?

பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கம் ஊட்டச்சத்து அட்டவணை இருக்கிறது. சர்க்கரை எத்தனை கிராம் என்று அதில் அச்சிட்டே ஆக வேண்டும். காக்டெய்ல் பாட்டிலைத் திருப்பினால் அப்படி ஒரு அட்டவணையைப் பார்க்க முடியாது.

நிறுவனங்கள் விதியை மீறுகின்றன என்று இதற்குப் பொருள் இல்லை, விதியே அப்படித்தான் இருக்கிறது. மதுபானங்களுக்கென இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-ல் தனி விதிமுறைகளைக் கொண்டுவந்தது. ஆல்கஹால் சதவீதத்தை அச்சிடுவது கட்டாயம். மது உடல்நலத்துக்குக் கேடு, குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர்கள் என்ற எச்சரிக்கையும் கட்டாயம். ஊட்டச்சத்து அட்டவணைக்கு மட்டும் அங்கே இடமில்லை. ஆற்றல் அளவை, அதுவும் கிலோகலோரியில் மட்டும், நிறுவனம் விரும்பினால் போட்டுக்கொள்ளலாம்.

மதுவுக்கு ‘சத்து’ விளம்பரம் கிடைத்துவிடக் கூடாது என்ற கோணத்தில் பார்த்தால் இதில் நியாயம் தெரியலாம். ஆனால் சர்க்கரை அளவைத் தெரிந்துகொள்ள வேண்டிய நோயாளிக்கு அந்த எண் கிடைப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 டிசம்பர் முதல் ஒயினுக்கு ஆற்றல் அளவும் சேர்க்கைப் பொருள்களின் பட்டியலும் கட்டாயமாகிவிட்டன. அமெரிக்காவிலும் மது பாட்டில்களில் கலோரி, கார்போஹைட்ரேட் விவரங்களைக் கட்டாயமாக்கும் வரைவு 2025 ஜனவரியில் வெளியானது.

சர்க்கரையை நாமே கண்டுபிடிக்க முடியுமா?

லேபிளில் கிலோகலோரி இருந்தால் முடியும். உதாரணமாக, 4.8 சதவீத பாட்டிலில் ‘100 மி.லி.க்கு 60 கிலோகலோரி’ என்று இருக்கிறது. பாட்டிலின் அளவு 275 மி.லி. என்பதால் 60-ஐ 2.75 ஆல் பெருக்க வேண்டும். விடை 165. அதில் ஆல்கஹாலின் பங்கான 73-ஐக் கழித்தால் 92. அதை 4 ஆல் வகுத்தால் 23. ஆக, பாட்டிலில் சுமார் 23 கிராம் சர்க்கரை.

துல்லியமான கணக்கு இல்லைதான். ஆனாலும் கடையில் நின்றபடியே மொபைல் கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கலாம். லேபிளில் கிலோகலோரியும் இல்லையென்றால் நாக்குதான் ஒரே வழி. கூல்டிரிங்ஸ் அளவுக்கு இனித்தால், கூல்டிரிங்ஸ் அளவுக்குச் சர்க்கரை இருப்பதாக எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. பழத்தின் படம் இருப்பதால் பழச்சாறு இருக்கும் என்று நம்ப வேண்டியதில்லை.

‘ஜீரோ சுகர்’ வாங்கினால் பிரச்சினை தீர்ந்ததா? சர்க்கரை குறையும், ஆல்கஹால் குறையாது. சர்க்கரை இல்லாத பானம் வயிற்றிலிருந்து குடலுக்குச் சீக்கிரம் இறங்குவதால், ரத்தத்தில் ஆல்கஹால் அளவு இன்னும் வேகமாக ஏறலாம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இந்தக் கடற்கரைக்கு ஏன் இது முக்கியம்?

ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின் முடிவுகள் 2023 ஜூனில் வெளியாகின. நாட்டில் சுமார் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது மதிப்பிட்டது. புதுச்சேரியில் மட்டும் பெரியவர்களில் 26.3 சதவீதம் பேருக்கு, அதாவது நான்கில் ஒருவருக்கும் மேல். கோவாவுக்கு அடுத்து நாட்டிலேயே அதிகமான விகிதம் இது.

சர்க்கரை நோயாளிக்கு ரெடிமேட் காக்டெய்ல் இரண்டு பக்கமும் அடிக்கும். முதலில் இனிப்பு ரத்தச் சர்க்கரையை ஏற்றிவிடும். பிறகு ஆல்கஹாலைச் சிதைப்பதில் மும்முரமாகும் கல்லீரல், ரத்தத்துக்குப் புதிதாகக் குளுக்கோஸ் தயாரித்துக் கொடுக்கும் வேலையைக் குறைத்துவிடும். இன்சுலின் போடுபவருக்கும், கிளிமிப்ரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்கும் சில மணி நேரம் கழித்து, சில சமயம் தூக்கத்திலேயே, சர்க்கரை அபாயகரமாக இறங்கக்கூடும். தள்ளாட்டம், குழறல், வியர்வை என அதன் அறிகுறிகள் போதையைப் போலவே இருக்கும். ‘குடிச்சிருக்கான், தூங்கட்டும்’ என்று வீட்டார் விட்டுவிடுவதுதான் இதிலுள்ள ஆபத்து. மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள் அதிகமாகக் குடிப்பதும் ஆபத்தே.

இன்னொன்று வெயில். உப்பள வேலை சூடு பிடிப்பது கோடையில்தான். உடல் நீரைத் தக்கவைக்க உதவும் வாசோபிரசின் ஹார்மோனை ஆல்கஹால் மட்டுப்படுத்துவதால் சிறுநீர் அதிகமாகப் போகும். ஜில்லென்று இருந்தாலும் வியர்த்துக் களைத்த உடம்பின் தாகத்துக்கு இது மருந்தல்ல. தண்ணீர், மோர், இளநீர் செய்யும் வேலையை இந்த பாட்டில் செய்யாது.

திரும்பி வரும் ரோடு

தமிழ்நாட்டில் மது வாங்கக் குறைந்தபட்ச வயது 21, புதுச்சேரியில் 18. பைக்கில் எல்லை தாண்டிப் போகும் இளைஞர்கள் அதே இசிஆரில்தான் திரும்பி வர வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவுப்படி, 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் முறைக்கே 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

வெறும் வயிற்றில் ஒரு பாட்டில் குடித்த 60 கிலோ எடையுள்ள ஆணுக்கு இந்த அளவு தோராயமாக 25 வரை போகலாம். இரண்டாவது பாட்டிலில் 50-ஐ நெருங்கிவிடும். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு முதல் பாட்டிலிலேயே 30-ஐத் தாண்டக்கூடும். ‘ஒண்ணுதானே குடிச்சேன்’ என்ற சமாதானம் போலீஸ் ஊதச் சொல்லும் கருவியிடம் எடுபடாது.

‘கம்பெனி சரக்கு’ என்றால் பாதுகாப்பா?

2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்தவர்களில் 10-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்த வலி இந்தப் பகுதியில் இன்னும் இருக்கிறது. அதனாலேயே ‘சீல் இருக்கு, கம்பெனி பாட்டில், பயமில்லை’ என்ற பேச்சு இங்கே எளிதாக எடுபடுகிறது.

சீல் வைத்த பாட்டிலில் இருப்பது மெத்தனால் அல்ல, எத்தனால். அந்த வித்தியாசம் உயிர்காக்கும் வித்தியாசம், மறுப்பதற்கில்லை. ஆனால் எத்தனாலும் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் இருப்பதுதான். எந்த அளவு மதுவும் உடல்நலத்துக்குப் பாதுகாப்பானது அல்ல என்று 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஒரே நாளில் கொல்லாது என்பதுதான் சீல் தரும் உத்தரவாதம்.

சுருக்கமாகச் சொன்னால், பாட்டிலைக் கையில் எடுத்ததும் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: எத்தனை மி.லி., எத்தனை சதவீதம், கிலோகலோரி இருக்கிறதா. முதல் இரண்டையும் பெருக்கி, 100-ஆல் வகுத்து, 0.789-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் எத்தனை கிராம் என்று தெரிந்துவிடும். விடை 10-க்குப் பக்கத்தில் வந்தால், கையில் இருப்பது ஜூஸ் அல்ல, சர்க்கரை போட்ட ஒரு ஸ்மால்.

மதுப் பழக்கத்திலிருந்து மீள நினைப்பவர்களும் அவர்களின் குடும்பத்தினரும் கட்டணமில்லா எண் 14446-ஐ அழைக்கலாம். மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் எண் 14416.