ஆராய்ச்சிச் சாலையிலிருந்து கிராமத்திற்கு

நோயின் காரணத்தை விஞ்ஞானிகள் கண்டறிந்துவிட்டதாலேயே நோயாளியின் துன்பம் தீர்ந்துவிடுவதில்லை. கண்டறிந்த உண்மை சிகிச்சையாக உருப்பெற வேண்டும்; அச்சிகிச்சை நோயாளி வாழும் ஊரை எட்டவும் வேண்டும். இவற்றுள் பின்னதே பெரும்பாலும் கடினமான பணி. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். 2022-ஆம் ஆண்டிற்குரிய மதிப்பீட்டின்படி, அவ்வோராண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1,27,000 பெண்கள் இந்நோய்க்கு ஆளாயினர். சுமார் 80,000 பேர் உயிரிழந்தனர்.

ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் ஸூர் ஹவுஸனின் குழுவினர் 1983-இல் இப்புற்றுநோய்த் திசுக்களில் மனித பாப்பிலோமா வைரஸின் 16-ஆம் வகையைக் கண்டனர். பின்னர் 18-ஆம் வகையும் கண்டறியப்பட்டது. இந்நோயில் நூற்றுக்கு ஏறத்தாழ 70 பங்கு இவ்விரு வகைகளால் விளைவதாகும். இப்பணிக்காக அவருக்கு 2008-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

உடலுறவின் வாயிலாகப் பரவும் இவ்வைரஸ் மிகப் பரவலானது. பெரும்பாலோரின் உடல் ஓரிரு ஆண்டுகளில் அதனை வென்றுவிடுகிறது. சிலரிடத்தில் மட்டும் அது நிலைத்து நின்று உயிரணுக்களை மெல்ல மாற்றுகிறது. அம்மாற்றம் புற்றுநோயாக முற்றுவதற்குப் பொதுவாகப் பத்தாண்டுகளோ, அதற்கு மேலுமோ செல்லும். இந்த நீண்ட அவகாசமே மருத்துவத்திற்குக் கிடைத்துள்ள வாய்ப்பு.

காரணம் தெரிந்ததும் தடுப்பூசிக்கு வழி பிறந்தது. 2006-இல் அது பயன்பாட்டிற்கு வந்தது. இந்தியாவில் 2009-இல் தொடங்கிய ஓர் ஆய்வில், ஊசி போடும் பணி 2010-இல் இடையே நிறுத்தப்பட்டமையால், சிறுமியர் பலர் ஒரே தவணையுடன் நின்றனர். அவர்களைத் தொடர்ந்து பல்லாண்டுகள் கவனித்தபோது, ஒரு தவணையே அவ்விரு வகை வைரஸ்களின் நீடித்த தொற்றைச் சிறப்பாகத் தடுப்பது புலனாயிற்று. இத்தகைய சான்றுகளைக் கொண்டு உலக சுகாதார நிறுவனம் 2022-இல் ஒரு தவணை முறையையும் ஏற்றது. ஆயினும், முன்னரே ஏற்பட்ட தொற்றைத் தடுப்பூசி நீக்காது. வயது வந்த பெண்களுக்குப் பரிசோதனை இன்றியமையாதது.

உயிரணுக்களை மைக்ராஸ்கோப்பில் ஆராய்வதற்கு நிபுணர்களும் ஆய்வுக்கூடமும் வேண்டும். எளிய முறை ஒன்றும் உண்டு. காடியின் புளிப்பிற்குக் காரணமான அசெடிக் அமிலத்தை நீர்த்த கரைசலாகக் கர்ப்பப்பை வாயில் தடவினால், ஒரு நிமிடத்தில் மாறுதலுற்ற பகுதி வெண்மையாகத் தோன்றும். அதனை வெறுங் கண்ணாலேயே காணலாம். வெண்மை தோன்றினால் புற்றுநோய் என்று பொருளன்று. மேற்பரிசோதனை தேவை என்பதே பொருள்.

பம்பாயில், அதாவது இன்றைய மும்பையில், டாட்டா நினைவு மருத்துவமனை 1998-இல் இம்முறையைப் பெரிய அளவில் ஆராயத் தொடங்கியது. பரிசோதனை செய்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். பத்தாம் வகுப்பு வரை படித்துப் பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள். குடிசைப் பகுதிகளில் ஈராண்டுகளுக்கு ஒரு முறை பரிசோதனை நடைபெற்றது. அங்கு இந்நோயால் நேரும் மரணம் நூற்றுக்கு 31 வீதம் குறைந்தது.

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000 முதல் 2003 வரை, பயிற்சி பெற்ற நர்ஸுகள் 30 முதல் 59 வயதுள்ள பெண்களை ஒரே ஒரு முறை பரிசோதித்தனர். மரணம் நூற்றுக்கு 35 வீதம் குறைந்ததாக 2007-இல் முடிவு வெளியாயிற்று. ஆனால், அவ்வாய்வின் வேறிரு எண்களும் கருதத்தக்கவை. தகுதியுடைய 49,311 பெண்களில் 31,343 பேரே பரிசோதனைக்கு வந்தனர். முன்நிலை மாறுதல் காணப்பட்ட 1,874 பேரில் நூற்றுக்கு 72 பேரே சிகிச்சை பெற்றனர். வராதவர்களையும் இடையில் நின்றவர்களையும் எந்த ஆராய்ச்சிச் சாலையும் அழைத்து வர இயலாது. அச்சம், நாணம், வீட்டு வேலை, கூலி இழப்பு ஆகிய தடைகளை அறிந்து பேசக்கூடியவர் ஊரில் பணியாற்றுபவரே.

ஆதலின், களப்பணியாளர் 30 வயது கடந்த பெண்களைப் பரிசோதனைக்கு அழைப்பதோடு நில்லாமல், குறை கண்டவர்கள் சிகிச்சை பெற்றுத் திரும்பும் வரை தொடர்ந்து விசாரித்தல் வேண்டும். மாதவிலக்கு நின்ற பின்போ, உறவுக்குப் பின்போ இரத்தப்போக்கு காணும் பெண், பரிசோதனை முகாமுக்குக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் செல்லல் வேண்டும். ஆசிரியர்கள், 9 முதல் 14 வயதுள்ள மாணவியரின் பெற்றோருக்குத் தடுப்பூசியின் பயனை விளக்கலாம். தடுப்பூசி பெற்ற பெண்ணும் உரிய வயதில் பரிசோதனைக்கு வருதல் அவசியம் என்பதையும் அப்போதே சொல்லி வைத்தல் நலம்.