தொகுப்பானும் ஓட்டக் கணக்கும்

தபாற் கந்தோரிலே கடிதங்களைப் பிரிப்பவர், நாள்தோறும் கட்டுக்கட்டாகக் கடிதம் சேரும் ஊருக்குரிய தட்டைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்வார். ஆண்டுக்கு ஒரு கடிதம் காணும் ஊரின் தட்டு மூலையிற் கிடந்தாலும் பாதகமில்லை. ஆனால், எந்த ஊர் எத்தகையது என்பதை ஊர்ப் பெயரைப் படித்து அறிய முடியாது, எண்ணித்தான் அறியவேண்டும்.

மனிதர் எழுதும் செய்நிரலைக் கணினியின் மொழிக்கு மாற்றித் தருகின்ற தொகுப்பானுக்கும் இதே இடர்ப்பாடு உண்டு. ‘இவ்வாறாயின் இதைச் செய்க, அன்றேல் அதைச் செய்க’ என்னும் கிளைகள் செய்நிரலெங்கும் நிறைந்துள்ளன. எந்தக் கிளை இலட்சம் முறை நடக்கும், எது ஒருமுறைதானும் நடவாது என்பதை எழுத்து வெளிப்படுத்துவதில்லை.

ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜோன் பக்கஸ் என்பவரின் குழுவினர் 1957 இல் வெளியிட்ட போர்ட்ரான் தொகுப்பான், அதனைச் செய்நிரல் எழுதியவரிடமே கேட்டது. கிளைகளின் விகிதத்தை அவர் குறித்துக் கொடுக்கலாம். தொகுப்பான் எழுமாற்று எண்களைக் கொண்டு ஒரு பாவனை ஓட்டம் நடத்தி, எப்பகுதி மிகுதியாக நடக்கும் என மதிப்பிடும். பின்னாளில் அவ்வசதி மொழியினின்றும் நீக்கப்பட்டது. எழுதியவர் தம் செய்நிரலை முற்றும் அறிவார் என்பது சற்றுத் தாராளமான நம்பிக்கையே.

ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் கனூத், போர்ட்ரான் செய்நிரல்கள் பலவற்றை ஓடவிட்டு, ஒவ்வொரு கூற்றும் எத்தனை முறை நிறைவேறிற்று என எண்ணினார். செய்நிரலின் நூற்றுக்கு 4 பங்கிலும் குறைந்த பகுதியே, பொதுவாக, ஓட்ட நேரத்தின் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்கின்றது என்று 1971 இல் எழுதினார். அந்தச் சிறு பகுதியைக் கண்டுபிடித்தால் உழைப்பை அங்கே செலுத்தலாமன்றோ?

ஆகவே செய்நிரல் இருமுறை தொகுக்கப்படுகின்றது. முதன்முறை, கிளைகள்தோறும் எண்ணிகளைப் பொருத்தி, மாதிரித் தரவுகளோடு ஓடவிடுவர். இரண்டாம் முறை, அக்கணக்கைப் பார்த்து, அடிக்கடி நடப்பவற்றைத் தொகுப்பான் அடுத்தடுத்து வைக்கின்றது. பிழை நேர்ந்தாலன்றித் தேவைப்படாத பகுதிகளைத் தொலைவில் ஒதுக்குகின்றது. கணினியின் செயலிக்கு அண்மையிலுள்ள விரைவு நினைவகம் மிகச் சிறியது. அதிலே வேண்டாதவை இடம்பிடித்தால் வேண்டியவை வெளியே காத்திருக்க நேரிடும். இவ்வாறு இடமமைக்கும் முறையைப் பெற்றிஸ், ஹான்சன் என்னும் இருவர் 1990 இல் விளக்கி எழுதினர்.

மாதிரி பொருத்தமற்றதாயின்? நத்தார் வாரத்தில் எண்ணிய கடிதக் கணக்கைக் கொண்டு ஆண்டு முழுவதற்கும் தட்டுகளை ஒழுங்கு செய்தது போலாகும். விடை பிழையாகாது, வேகம் குன்றும்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1999 இல் ஜாவா மொழிக்கென வெளியிட்ட ஹொட்ஸ்பொட் என்னும் அமைப்பு, இதற்கு வேறு வழி கண்டது. செய்நிரல் ஓடும்போதே எண்ணுகின்றது; மிகுதியாக நடக்கும் பகுதிகளை மட்டும் அப்போதே தேர்ந்து தொகுக்கின்றது. இதுவரை கண்டதே இனியும் தொடரும் என்று துணிந்து, சில சோதனைகளைச் சுருக்கியும் விடுகின்றது. அத்துணிபு பொய்த்த கணத்தில், விரைவான வடிவத்தைக் கைவிட்டு, பழைய மெதுவான வடிவத்திற்குத் திரும்பி, மீண்டும் எண்ணத் தொடங்குகின்றது. இவ்வசதிக்கு விலையும் உண்டு: எண்ணுவதற்கும் தொகுப்பதற்கும் நேரம் செலவாகும், தொடக்கத்தில் ஓட்டம் மந்தமாயிருக்கும். சில கணங்களில் முடிந்துவிடும் சிறு செய்நிரலுக்கு, அந்தச் செலவு மீள்வதற்குள் வேலையே முடிந்துவிடும்.