300 கிலோமீற்றருக்கு அப்பால்: அணுமின் அவசர வலயமும் மட்டக்களப்பும்

தமிழ்நாட்டின் கூடங்குளம் அணுமின் நிலையத்திலிருந்து மட்டக்களப்பு நகருக்கு நேர்கோட்டில் சுமார் 440 கிலோமீற்றர். கற்பிட்டிக்கு ஏறத்தாழ 225, மன்னாருக்கு 255, கொழும்புக்கு 275. இந்தக் கணக்கைச் சொன்னதும் "அப்ப நமக்கென்ன" என்றுதான் இங்கே பலரும் கேட்பார்கள். அவர்கள் சொல்வதில் பாதி சரி. கூடங்குளத்தில் பெரிய விபத்தே நடந்தாலும் மட்டக்களப்பு மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட வேண்டிய நிலை வரும் என்று எந்தத் திட்டமும் கருதவில்லை. மற்றப் பாதி சரியில்லை என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, நம் சந்தைக்கு வரும் சாப்பாடு. மற்றது, இலங்கையே அணுமின் நிலையம் அமைக்கும் யோசனையில் இருப்பது. 2022 இல் சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் நிபுணர் குழுவொன்று இங்கு வந்து, அப்படியொரு திட்டத்துக்கு நாட்டின் ஆயத்தம் எந்த அளவில் உள்ளது என்று ஆராய்ந்துவிட்டுப் போனது. உலை எங்கே வரும் என்ற கேள்விக்குப் பின்னாலேயே, அதைச் சுற்றி எத்தனை கிலோமீற்றருக்கு ஆயத்தம் வேண்டும் என்ற கேள்வியும் வரும். அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

முகவரகத்தின் வழிகாட்டல் பெரிய உலைகளுக்கு நான்கு எல்லைகளைச் சொல்கிறது. 3 முதல் 5 கிலோமீற்றருக்குள் இருப்பவர்கள், கதிர்வீச்சு வெளியே வருவதற்கு முன்பே கிளம்பிவிட வேண்டும். அளந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று அங்கே காத்திருக்க முடியாது. 15 முதல் 30 கிலோமீற்றர் வரை வீட்டுக்குள் அடைந்திருத்தல், அயடின் குளிசை, வெளியேற்றம் ஆகியவற்றுக்கு முன்கூட்டியே ஏற்பாடு இருக்க வேண்டும். 100 கிலோமீற்றர் வரை அளவிட்டு, அதிகம் படிந்த இடங்களில் உள்ளவர்களை இடம்மாற்ற வேண்டும். 300 கிலோமீற்றர் வரை பால், கீரை, மழைநீர், மீன் ஆகியவற்றைச் சோதித்து, தேவையானால் விற்பனையைத் தடுக்க வேண்டும்.

கூடங்குளத்தின் ஒவ்வோர் உலையும் 1000 மெகாவாட் மின்சாரம் தருவது. அதன் வெப்ப ஆற்றல் ஏறத்தாழ அதன் மூன்று மடங்கு. அதாவது முகவரகத்தின் வழிகாட்டலில் மிகப்பெரிய உலை வகைக்குள் அது வருகிறது. வரைபடத்தில் கூடங்குளத்தை மையமாக வைத்து 300 கிலோமீற்றர் வட்டம் போட்டால் மன்னார், புத்தளம், கொழும்பு எல்லாம் உள்ளே விழும். மட்டக்களப்பு வெளியே நிற்கும். ஆனால் மன்னார்க் கருவாடும் புத்தளத்து உப்பும் கற்பிட்டி மீனும் வட்டத்துக்கு வெளியேயும் லொறியில் வருகின்றன. செர்னோபில் விபத்து 1986 இல் நடந்தது. 2000 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள வேல்ஸ் மலைகளில் மேய்ந்த ஆடுகளின் விற்பனைக்குப் போட்ட கட்டுப்பாடு 2012 இல்தான் முழுதாக நீங்கியது. அங்கே யாரும் வீட்டை விட்டுப் போகவில்லை. ஆடு வளர்த்தவர்களின் வருமானம்தான் 26 ஆண்டுகள் இழுபட்டது. மீனையும் இறாலையும் தயிரையும் விற்று வாழும் மட்டக்களப்பு வாவிக்கரைக்கு நான் சொல்ல விரும்பும் ஆபத்து இந்த வகையானது. மரணத்தைவிடச் சந்தை முந்தி விழும். எங்கள் மீன் சுத்தமானது என்பதை அளந்து காட்ட ஆய்வுகூடமும் சான்றிதழும் கையில் இல்லாவிட்டால், வாங்குபவர் காரணம் கேட்கவும் மாட்டார்.

இந்தியாவில் இந்த எல்லைகள் வேறு. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளின்படி கூடங்குளத்தில் 1.5 கிலோமீற்றருக்குள் குடியிருப்பு இல்லை, 5 கிலோமீற்றர் வரை மக்கள் தொகை பெருகாதபடி கட்டுப்பாடு, 16 கிலோமீற்றர் வரை அவசரத் திட்டம். காகிதத்தில் அழகாக இருக்கிறது. தரையிலோ, 2004 சுனாமியில் வீடிழந்த மீனவர்களுக்குக் கட்டிக் கொடுத்த குடியிருப்பே நிலையத்தின் அருகில்தான் நிற்கிறது. கடலுக்குப் பயந்து இடம்மாறியவர்கள் உலைக்குப் பக்கத்தில் போய் இறங்கினார்கள். 2011 இல் அருகிலுள்ள இடிந்தகரையில் தொடங்கிய போராட்டத்தில், ஆபத்து வந்தால் எந்த வழியாக எந்த பஸ்ஸில் எங்கே போவது என்ற கேள்வியை மக்கள் கேட்டபடியே இருந்தார்கள். 2013 மே 6 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் நிலையம் இயங்கலாம் என்று தீர்ப்பளித்தது. கூடவே 15 வழிகாட்டுதல்களையும் விதித்தது. அவசரகால ஆயத்தம் அவற்றில் இருந்தது. வழக்கில் தோற்றவர்கள் அந்த அளவுக்காவது வென்றார்கள் என்றே நினைக்கிறேன்.

வலயம் மாறாதது என்று யாரும் எண்ண வேண்டாம். 2011 மார்ச் 11 இரவு யப்பானின் புக்குஷிமா அணுமின் நிலைய விபத்தில், வெளியேறச் சொன்ன முதல் உத்தரவு 2 கிலோமீற்றருக்கு. அரை மணி நேரத்தில் 3. மறுநாள் விடிகாலை 10, மாலையில் 20. இருந்த திட்டம் 8 முதல் 10 கிலோமீற்றருக்கே போடப்பட்டிருந்ததால், அதற்கு அப்பால் இருந்தவர்களுக்கு வண்டியும் இல்லை, போகுமிடமும் இல்லை. இதிலும் மோசமானது இட்டாத்தே கிராமத்தின் கதை. அதன் பெரும்பகுதி 30 கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தது. ஆகவே பாதுகாப்பானது என்று நம்பப்பட்டது. காற்று வடமேற்காக வீசி, மழையும் பனியும் சேர்ந்து கதிரியக்கத் துகள்களை அங்கேயே இறக்கிவிட்டன. வெளியேறச் சொல்லி உத்தரவு வந்தது ஏப்ரல் 22 அன்று. விபத்து நடந்து ஆறு வாரம். காற்றுக்குக் கவராயம் தெரியாது. கச்சான் எப்போது எழும், வாடை எப்போது திரும்பும் என்று பார்த்தே தோணி இறக்கும் ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை. அதன்பின் யப்பான் ஆயத்த வலயத்தை 30 கிலோமீற்றராக்கியது. ஜெர்மனி தன் வெளியேற்ற வலயங்களை 5, 20 கிலோமீற்றர் என்று விரித்தது.

அமெரிக்கா எதிர்த்திசையில் போகிறது. 1979 இன் மூன்று மைல் தீவு விபத்துக்குப் பின் அங்கே 10 மைல் வலயம் நிலைத்திருந்தது. 2023 இல் வந்த விதி, சிறிய வகை உலைகளுக்கு வலயத்தைக் கணக்கிட்டுக் காட்டிச் சுருக்க இடம் தருகிறது. நான்கு நாளில் ஒருவர் பெறக்கூடிய கதிர்வீச்சு 10 மில்லிசீவர்ட்டைத் தாண்டக்கூடிய பரப்பே வலயம். அது உலையின் வேலிக்குள் அடங்கினால் வெளியே தனித் திட்டம் தேவையில்லை. இதை வெறும் வியாபாரத் தந்திரம் என்று தள்ளிவிட நான் தயாரில்லை. சிறிய உலையில் எரிபொருள் குறைவு. தானாகக் குளிரும் வடிவமைப்பும் உண்டு. வலயத்தைத் தேவைக்கு மேல் பெரிதாக்குவதிலும் உயிர்ச்சேதம் இருக்கிறது. புக்குஷிமா மாகாணத்தில் இடம்பெயர்வின் அலைச்சலாலும் சிகிச்சை தடைப்பட்டதாலும் இறந்தவர்கள் 2000 பேருக்கு மேல். அவர்களில் பெரும்பாலானோர் முதியவர்கள். ஆனால் கணக்குப் போடுபவர் யார் என்று கேட்க வேண்டும். உலை விற்பவரே போடும் கணக்கை, அனுபவமில்லாத ஒழுங்குபடுத்தும் அமைப்பு கையெழுத்திட்டு ஏற்றால் அது கணக்கல்ல. ஒரே வளவில் பல உலைகள் வந்தால் என்ன என்பதும் அந்தக் கணக்கில் இருக்க வேண்டும். புக்குஷிமாவில் உருகியவை மூன்று.

எல்லைக்கோடு நகர்வது மட்டக்களப்புக்குப் புதிதல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அரசாங்கம் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்று கட்டடத் தடை வலயம் அறிவித்தது. ஏன் எங்களுக்கு மட்டும் இரட்டிப்பு என்ற கேள்விக்குத் திருப்தியான பதில் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. சுற்றுலா விடுதிகளுக்கு விலக்கு, மீனவனுக்கு மட்டும் விதியா என்ற குற்றச்சாட்டும் அன்றே எழுந்தது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் நாவலடியிலிருந்து குடும்பங்கள் திராய்மடுவுக்குப் போயின. ஓராண்டு கழிவதற்குள் அதே வலயம் தளர்ந்து, கரையோரம் பேணல் திட்டத்தின் பழைய பின்னொதுக்கு அளவுகளுக்குத் திரும்பியது. போட்டபோதும் எங்களைக் கேட்கவில்லை, தளர்த்தியபோதும் கேட்கவில்லை.

இன்னோர் இடைஞ்சலும் உண்டு. அது நிலத்தின் அமைப்பு. வலயம் வட்டமாக வரையப்படுகிறது. இங்கே மனிதர் போகும் வழியோ வட்டமாக இல்லை. எழுவான்கரை என்பது கடலுக்கும் வாவிக்கும் இடையிலான ஒல்லியான மணல் நாடா. அதில்தான் சனம் நெருக்கமாக இருக்கிறது. வாவிக்கு அப்பால் உள்ள படுவான்கரைக்குப் போக மண்முனை, பட்டிருப்பு, வலையிறவு என்று விரல்விட்டு எண்ணக்கூடிய பாலங்கள். மற்ற இடங்களில் வள்ளமோ மிதவைப் பாதையோ. கல்லடியில் பழைய பாலம் ஒன்றே இருந்த காலத்தில் சுனாமி வந்தது. 2013 இல்தான் பக்கத்தில் புதிய பாலம் திறந்தார்கள். கார்த்திகை மார்கழியில் வெள்ளம் வந்து படுவான்கரை வீதிகள் மூழ்கியிருக்கும்போது, வரைபடத்தில் 5 கிலோமீற்றராகத் தெரியும் இடம் தரையில் எட்டாத இடமாகிவிடும். ஆகவே கிழக்குக் கரையில் எங்காவது உலை வருமென்றால், கிலோமீற்றரில் சொல்லப்படும் வலயத்தை ஏற்கக் கூடாது. எத்தனை மணி நேரத்தில், எந்தப் பாலத்தால், எத்தனை பஸ்ஸில், மழைக்காலத்திலும் இது நடக்குமா என்றே கேட்க வேண்டும்.

அயடின் குளிசை பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு பீதியிலும் இதில்தான் பொய் அதிகம். அது தைரொயிட் சுரப்பியை மட்டும், கதிரியக்க அயடினிலிருந்து மட்டும் காக்கும். கதிரியக்கம் வந்து சேர்வதற்குச் சற்று முன்போ, வந்த சில மணி நேரத்துக்குள்ளோ எடுத்தால்தான் பயன். குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் முதலில். நாற்பதைத் தாண்டியவர்களுக்குப் பயன் குறைவு. கறியுப்பை அள்ளித் தின்பதால் ஒரு நன்மையும் இல்லை. 2011 இல் சீனாவில் உப்புக்கு அடிபட்டார்கள், பாவம். கதிரியக்க அயடின் 8 நாளில் பாதியாகும். ஆகவே முதல் வாரங்களில் காக்க வேண்டியது பால். செர்னோபிலைச் சுற்றிய குழந்தைகளுக்குத் தைரொயிட் புற்றுநோய் பெருமளவு பால் வழியாகவே வந்தது. சீசியம் பாதியாக 30 ஆண்டு எடுக்கும். அதன் வழி மண், புல், மீன். அப்படியோர் அறிவித்தல் வந்தால் மாட்டைப் புல்வெளிக்கு விடாமல் கட்டிவைத்து, கிணற்றை மூடி, கதவு யன்னலைச் சாத்தி வீட்டுக்குள் இருப்பது, தெருவில் இறங்கி ஓடுவதை விடப் பெரும்பாலும் நல்லது.

இனி உரிமைகளும் வழிகளும். அணு விபத்தை உடனே அயல்நாடுகளுக்கு அறிவிக்க வேண்டும் என்ற 1986 இன் சர்வதேச உடன்படிக்கையில் இந்தியாவும் இலங்கையும் இருக்கின்றன. 2015 பெப்ரவரி 16 அன்று டில்லியில் இரு நாடுகளும் செய்துகொண்ட அணுசக்தி ஒத்துழைப்பு ஒப்பந்தத்தில் கதிரியக்க அனர்த்தங்களைத் தணிப்பதும் ஒரு விடயம். உள்நாட்டில் 2014 இன் 40 ஆம் இலக்கச் சட்டம் அணுசக்தி சபையையும் ஒழுங்குபடுத்தும் பேரவையையும் தனித்தனியாக்கியது. திட்டத்தை முன்னெடுப்பவரும் கண்காணிப்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்பதற்காகவே. இந்தப் பிரிவினை நிதியிலும் ஆளணியிலும் உண்மையாக இருக்கிறதா என்பதுதான் வலயக் கணக்கை நம்பலாமா என்பதற்கு முதல் அளவுகோல். 2005 இன் 13 ஆம் இலக்கச் சட்டப்படி மாவட்ட ஆயத்தம் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் பொறுப்பு. அவசர இலக்கம் 117.

பெரிய திட்டம் ஒன்றுக்குச் சுற்றாடல் தாக்க அறிக்கை வந்தால், மும்மொழியிலும் அறிவித்தல் வெளியாகி, கருத்துச் சொல்ல 30 நாள் உண்டு. தாமதித்தால் போயிற்று. எப்பாவல பொஸ்பேற்றுச் சுரங்கத்துக்கு எதிராக விவசாயிகள் போன வழக்கில், 2000 இல் உயர் நீதிமன்றம் முழுமையான ஆய்வும் சுற்றாடல் தாக்க மதிப்பீடும் இல்லாமல் அந்த வளத்தைக் கையளிக்க முடியாது என்று உறுதியாகச் சொன்னது. அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதமே காலம். நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் திருகோணமலையின் சம்பூர். 2006 இல் இடம்பெயர்ந்த மக்களின் மண்ணில் திட்டமிடப்பட்ட நிலக்கரி மின்நிலையம் வழக்குக்குப் போய், 2016 செப்டெம்பரில் அரசாங்கம் அதைக் கைவிடுவதாக நீதிமன்றத்தில் தெரிவித்தது. கிழக்கில் முடியாது என்று யாராவது சொன்னால் சம்பூரைச் சொல்லுங்கள்.

அதற்கெல்லாம் முன்னதாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இன்றே ஒரு கடிதம் எழுதலாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் தகவல் அலுவலருக்கு: கூடங்குளத்தில் விபத்து நேர்ந்தால் மட்டக்களப்பு மாவட்டத்தில் பால், மீன், நெல்லைச் சோதிக்கும் திட்டம் என்ன, எந்த ஆய்வுகூடம், இழப்பீடு யார் தருவார்? ஒழுங்குபடுத்தும் பேரவைக்கு: இலங்கையில் அணுமின் நிலையம் வந்தால் அவசர வலயத்தின் அளவை எந்த அடிப்படையில் தீர்மானிப்பீர்கள், அதை மாற்றும்போது மக்களைக் கேட்பது எந்த விதியில் இருக்கிறது? 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, பிறகு ஆணைக்குழு. தேசிய பாதுகாப்பு என்று மறுக்கக்கூடும். பொது நலன் அதை மிஞ்சினால் தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. மீனவர் சங்கமோ பாற்பண்ணையாளர் கூட்டுறவோ சேர்ந்து அனுப்பினால் பலம் அதிகம். தமிழில் எழுதலாம், பதிலைத் தமிழில் கேட்கலாம், விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை.